ஒண்ணு குறையுது, டாக்டர்

மேட்ரன் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னன்னு நீயே சொல்லு."

கணக்கக்கா பார்த்தாள். யாரோ ஒருவருடைய வயிறு. வலது பக்கம், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே ஒரு வெள்ளை நூல் சுருண்டு கிடந்தது. இருபத்திரண்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவளுக்கு அது என்னவென்று புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. ரத்தம் ஒற்றுகிற காஸ் துணி ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு நூல் வைத்திருப்பார்கள். தப்பித்தவறித் துணி உள்ளேயே தங்கிவிட்டால் எக்ஸ்ரேயில் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக.

"காஸ்" என்றாள். "யாருக்கு மேடம்?"

"போன மாசம் குடல்வால் வெடிச்சு வந்தாரே, ஸ்கூல் வேன் ஓட்டுறவர். நாப்பது நாளா காய்ச்சல், வலி. முந்தாநாள் திரும்பத் திறந்து எடுத்திருக்காங்க. பிழைச்சதே பெரிய விஷயம். அன்னைக்கு எண்ணினது நீதானே?"

"நான்தான் மேடம். ஆனா ஒண்ணு குறைஞ்சுது. டாக்டர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். தாள்லயும் எழுதினேன்."

மேட்ரன் கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். எண்ணிக்கைத் தாள். தொடக்கத்தில் பதினெட்டு, முடிவில் பதினெட்டு, எல்லாம் சரி. கீழே அவளுடைய கையெழுத்து மாதிரியே ஒன்று.

மாதிரிதான். அது அவள் போட்டதில்லை.

தியேட்டரில் அவளுக்குக் கணக்கக்கா என்று பேர் வந்ததே எண்ணுகிற பழக்கத்தால்தான். ஊசி, கத்தி, காஸ் எல்லாவற்றையும் வயிற்றைத் திறக்குமுன் ஒரு தடவை, மூடுமுன் ஒரு தடவை எண்ணுவது அங்கே எல்லாருக்கும் உள்ள வேலை. அவள் வீட்டுக்குப் போயும் நிறுத்தமாட்டாள். படிக்கட்டை எண்ணுவாள், கொடியில் காயும் துணியை எண்ணுவாள். "என் பல்லைக்கூட எண்ணி வெச்சிருக்கா. ஒண்ணு விழுந்தா எனக்கு முந்தி அவளுக்குத் தெரிஞ்சிடும்" என்று ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவள் அந்தத் தாளையே வெறித்துப் பார்த்தாள். பதினெட்டில் இருந்த எட்டு, மேல்வட்டம் மூடாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தது. இந்த எட்டை அவளுக்குத் தெரியும். ஞாயிறுதோறும் சபையில், பாடப்போகும் பாட்டு எண்களை எழுதி வைக்கும் கரும்பலகையில் பார்க்கிற எட்டு. எழுதுகிறவள் சின்னவள்.

பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் அவள் கூடப்பிறந்தவள் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்த பெண். முதல் வாரம் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவளை மடியில் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தவள் கணக்கக்காதான். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போனாள், சபைக்குக் கூட்டிப்போனாள். "இவ நம்ம வீட்டுச் சின்னவ" என்று எல்லாரிடமும் சொன்னாள். கணவர்கூட "கொழுந்தியா வந்தாச்சா? அப்போ டீக்குப் பால் பத்தாதே" என்று கேலி செய்வார்.

குடல்வால் ஆபரேஷன் நடந்த அன்று தியேட்டரில் இருந்தது மூன்று பேர். வெட்டித் தைத்த பெரிய டாக்டர், கருவிகளை எடுத்துக்கொடுத்த கணக்கக்கா, வேண்டியதைக் கொண்டுவந்து கொடுத்த சின்னவள். மயக்க மருந்து டாக்டர் முதுகில் ஊசி போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் இன்னொரு நோயாளியிடம் போயிருந்தார். காஸ் பதினேழுதான் வந்தது. "ஒண்ணு குறையுது, டாக்டர்" என்றாள் கணக்கக்கா. பெரிய டாக்டர் மணியைப் பார்த்தார். மூட வேண்டும் என்றார், மூடினார். கணக்கக்கா தாளில் 'ஒன்று குறைவு, டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மறுநாளிலிருந்து பத்து நாள் அவளுக்கு விடுப்பு, மாமியாருக்குக் கண் ஆபரேஷன். "நாளைக்கு வார்டுல சொல்லி அவருக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்க வெச்சிடு, மறந்துடாதே" என்று சின்னவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். "சரிக்கா" என்றாள் சின்னவள்.

விசாரணை புதன்கிழமை நடந்தது. மேட்ரன், நிர்வாக அதிகாரி, எதிரே பெரிய டாக்டர். அவர் நிதானமாகச் சொன்னார், "சிஸ்டர் சரியா இருக்குன்னு சொன்னாத்தான் நாங்க மூடுவோம். அவங்க வார்த்தையை நம்பித்தான் எங்க தொழிலே இருக்கு."

அடுத்து சின்னவளைக் கூப்பிட்டார்கள். கணக்கக்காவுக்கு அப்போதும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. எழுத வைத்திருப்பார்கள், பாவம், பயந்துபோய் எழுதியிருப்பாள். முகத்தைப் பார்த்துவிட்டால் சொல்லிவிடுவாள்.

சின்னவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அக்கா எண்ணிப் பார்த்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொன்னாங்க."

குரல் நடுங்கக்கூட இல்லை. கணக்கக்காவுக்கு அந்த அறையில் அதற்குப் பிறகு பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. உதடுகள் அசைந்தன. யாரோ ஒரு தாளை நீட்டினார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம்.

வெளியே நடையில் வந்துகொண்டிருந்தபோது வயதான ஒரு பெண்மணி குறுக்கே வந்து நின்றாள். "நீதான் எண்ணினவளா?" என்று கேட்டாள். கணக்கக்கா தலையாட்டினாள். பளீரென்று கன்னத்தில் ஓர் அறை. "எண்ணத் தெரியாதவளுக்கு இங்க என்னடி வேலை? என் புள்ளை நாப்பது நாளா துடிச்சானே!"

வேன்காரருடைய அம்மா. நடையில் இருந்த நோயாளிகள், துடைப்பத்தோடு நின்றவர்கள், இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு வணக்கம் சொன்ன காவலாளி எல்லாரும் பார்த்தார்கள். கன்னம் எரிந்தது. எரிச்சல்கூட தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு பஸ்ஸில் ஏறி இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டாள். வீட்டில் டீயை டம்ளரில் ஊற்றுவதாக நினைத்து மேசையில் ஊற்றினாள். கணவர் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டு வாங்கினார். கேட்டதும் துணியை வீசி எறிந்தார்.

"நம்ம சின்னவளா? நம்ம வீட்ல உட்கார்ந்து டீ குடிச்ச சின்னவளா?"

"ம்."

"இப்பவே போய் நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிறமாதிரி கேக்குறேன்."

"வேண்டாங்க. எனக்கே இன்னும் நம்ப முடியல. நம்பிட்டு அப்புறமா கோபப்படலாம்."

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனாள். சின்னவள் வழக்கம்போல இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பலகையில் வாய் திறந்த எட்டுகள் இரண்டு. எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொன்னபோது மன்னிப்பைப் பற்றிய வரி வந்தது. கணக்கக்கா வாயை மூடிக்கொண்டாள். இயேசு தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காகப் பரிந்து பேசியது அவளுக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர்கள் அறியாமல் செய்தார்கள் என்று சொல்லித்தானே பேசினார்? இவள் அறிந்தே செய்தாளே. என்னை அறைந்த அந்த அம்மாவை என்னால் மன்னிக்க முடியும், அவளுக்கு விஷயம் தெரியாது. எல்லாம் தெரிந்தவளை எந்தக் கணக்கில் மன்னிப்பது?

ஆராதனை முடிந்ததும் போதகர் அவளைத் தனியே அழைத்தார். ஆஸ்பத்திரிப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது.

"மன்னிச்சு விட்டுடுங்கம்மா. மேலே ஆண்டவர் இருக்கார். எதுத்து எழுதிக் கேக்கறதெல்லாம் வேண்டாமே. ரெண்டு பேரும் நம்ம சபைப் பிள்ளைங்க."

"ஐயா, மன்னிக்கிறதுன்னா அந்தப் பொய்த் தாள்ல நானும் கையெழுத்துப் போடுறதா?"

போதகர் திகைத்துப்போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "இல்லம்மா" என்றார் கடைசியில். "நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். உண்மையை நீங்க சொல்லித்தான் ஆகணும். என்னை மன்னிச்சுக்கோங்க."

"இதோ, உங்களை மன்னிக்க சுலபமா இருக்கு" என்றாள் அவள். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் வந்த முதல் சிரிப்பு.

நர்சுகளின் கவுன்சிலுக்கு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். சாட்சி என்ற இடத்தில் எழுத அவளிடம் ஒன்றுமில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு ஆண்டவரிடம் பேசினாள். அழகான ஜெபமாக அது வரவில்லை. "நீர் அந்த ரூம்ல இருந்தீர்தானே? பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீர்? பதினேழுன்னு உமக்குத் தெரியும்தானே? என் பக்கத்துல வேற யாரும் இல்லை. நீர் வாயைத் திறக்காட்டி நான் எங்கே போவேன்?"

பதில் எதுவும் வரவில்லை. ஆனால் அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்த நாட்களில் வேறொன்று அவளைக் குடைய ஆரம்பித்தது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று அந்த எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள். வேறு வேலைகள், வேறு வயிறுகள். தாளை மாற்றியது வேறொருத்தியின் பாவம். மறந்தது அவளுடையது.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் வேன்காரரின் வீட்டைத் தேடிப்போனாள். வாசலில் மஞ்சள் வேன் தூசி படிந்து நின்றது. கதவைத் திறந்தது அந்த அம்மா.

"நீயா?"

"உங்க மகன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். அதுக்கப்புறம் நீங்க இன்னொரு அறை கொடுத்தாலும் சரி."

வேன்காரர் வயிற்றில் தலையணையை அணைத்தபடி சாய்வு நாற்காலியில் கிடந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கணக்கக்கா உட்காரவில்லை.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன். எண்ணினதுக்காக இல்லை, நான் சரியாத்தான் எண்ணினேன். 'ஒண்ணு குறையுது, டாக்டர்'னு சொன்னேன். ஆனா லீவு முடிஞ்சு வந்தப்ப உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டிருந்தா உங்களுக்கு இத்தனை நாள் வலி இருந்திருக்காது. அந்தத் தப்பு என்னுது."

வேன்காரர் தலையணையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். வலியில் முகம் கோணியது.

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"டாக்டர்கிட்ட சொன்னீங்களே, அதை."

"ஒண்ணு குறையுது, டாக்டர்."

"அம்மா!" என்று கத்தினார் அவர். "இந்தக் குரல்தாம்மா!"

அவருடைய அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் சிஸ்டர். முதுகுல ஊசி போட்டதுல நெஞ்சுக்குக் கீழதான் மரத்துப்போச்சு, காது மரக்கலையே! முகத்துக்கு முன்னாடி ஒரு பச்சைத் துணியைக் கட்டியிருந்தாங்க. எதுவும் தெரியல, எல்லாம் கேட்டுது. ஒரு அம்மா 'ஒண்ணு குறையுது, டாக்டர்'னு சொன்னாங்க. 'எண்ணினதுல தப்பு இருக்கும், மரப்பு இறங்கப் போகுது, நூலைக் கொடு'ன்னு அவர் சொன்னார். மறுபடியும் அந்த அம்மா அதையே சொன்னாங்க. நான் என்னமோ ஊசிதான் ஒண்ணு குறையுது, பக்கத்து ரூம்ல வாங்கிப்பாங்கன்னு நினைச்சுப் படுத்திருந்தேன். என் வயித்துக்குள்ள இருக்கறதைத் தேடுறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மரப்பு இறங்கப் போகுது. அந்த வார்த்தைகளை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கவுன்சிலுக்கும் எழுதியதில்லை. பெரிய டாக்டர் சொன்னது அச்சு அசலாக அதுதான். நான்கு பேர் இருந்த அறையில் மூன்று பேரைத்தான் இத்தனை நாளும் எல்லாரும் கணக்கில் எடுத்திருந்தார்கள், அவளும்தான். வெட்டுப்பட்டுப் படுத்திருந்தவரை யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேன்காரரின் அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகக் குனிந்தாள்.

"மூணு வாரமா எனக்குச் சோறு இறங்கல" என்றாள். "ஒரு பொம்பளையைக் கைநீட்டி அடிச்சுட்டோமேன்னு இல்லை. இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்னு." சொல்லிவிட்டு, தான் அறைந்த அதே கன்னத்தைத் தடவிக்கொடுத்து ஓவென்று அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. வேன்காரர் வயிற்றில் பட்டையைக் கட்டிக்கொண்டு கவுன்சிலின் முன்னால் வந்து சொன்னார். மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டபோது சின்னவள் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. வேன்காரர் வலியென்று திரும்பி வந்த நாளில் பெரிய டாக்டர் தன்னைக் கூப்பிட்டார் என்றும், பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார் என்றும் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு வருடம் வேலை செய்யத் தடை விழுந்தது. பெரிய டாக்டர் தீர்ப்பு வருவதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டு வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். அவர்மீது வழக்கு இன்னும் நடக்கிறது. கணக்கக்காவைத் திரும்ப அழைத்து, மேட்ரன் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார்.

சபையில் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "கர்த்தர் நியாயம் செஞ்சுட்டார் பார்த்தீங்களா!" என்றார்கள். சின்னவள் சபைப் பக்கமே வரவில்லை. பலகையில் வேறு யாரோ எண்களை எழுதியிருந்தார்கள். எட்டின் வாய் மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் கணக்கக்காவின் மனதுக்குள் ஒரு தித்திப்பு பரவியது. அவள் பயந்துபோனாள். ஆண்டவரே, கேட்டதைக் கொடுத்துட்டீர். இப்ப எனக்கு இன்னும் கொஞ்சம் வேணும்போல இருக்கே. அவ இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டா நல்லா இருக்கும்போல இருக்கே. இது என்ன?

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் சின்னவளின் வீட்டுக்குப் போனாள். கணவர் தெருமுனை வரை கொண்டுவிட்டு, "நான் வரமாட்டேன், என்னைக் கட்டாயப்படுத்தாதே" என்று அங்கேயே நின்றுவிட்டார்.

கதவைத் திறந்த சின்னவள் பேயைப் பார்த்தவள்போல் பின்வாங்கினாள். தலை வாரவில்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"ஏன்க்கா வந்தீங்க?"

"உன்னை மன்னிச்சுட்டேன்னு சொல்லணும்னு கிளம்பினேன். வழியெல்லாம் யோசிச்சேன். அது முழுசா உண்மையான்னு எனக்கே தெரியல. அதான் வந்து நிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. ஏன்டி செஞ்சே?"

சின்னவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"டாக்டர் சொன்னதைச் செய்யலைன்னா அவர் என்னை விடமாட்டார்னு தெரியும்க்கா. நீங்க... நீங்க எப்படியும் மன்னிச்சிடுவீங்கன்னு தெரியும். அந்தத் தைரியத்துலதான் எழுதினேன்."

தாளைப் பார்த்த அன்று இல்லாத அதிர்ச்சி, அறை வாங்கியபோது இல்லாத அதிர்ச்சி, இப்போது வந்து அவளைத் தாக்கியது. பயந்து செய்திருந்தால் தாங்கியிருப்பாள். பொறாமையில் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தன்னுடைய நல்ல மனசையே ஏணியாக வைத்து ஏறித் தன்னைத் தள்ளிவிட்டிருக்கிறாள். திரும்பி நடந்தாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. சின்னவள் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

வெளிவாசல் கம்பிக்கதவு வரை வந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். கை அசையவில்லை.

ஆண்டவர் எப்படியும் மன்னிச்சிடுவார். எத்தனை தடவை அவளே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாமியாரிடம் வேண்டுமென்றே சுருக்கென்று பேசிய நாட்களில். வேலைக்களைப்பில் ஜெபத்தைத் தள்ளிப்போட்ட நாட்களில். வேன்காரரின் எக்ஸ்ரே நினைவு வந்து, இவ்வளவு தாமதமாகக் கேட்டால் கேவலமாகிவிடுமே என்று ஒரு நிமிடம் தயங்கி அப்படியே விட்டுவிட்டாளே, அந்த ஒரு நிமிடத்தில். ஆம், அது மறதி மட்டும் இல்லை. ஒரு நாள் நினைவு வந்தது. இதுவரை தன்னிடம்கூட அவள் ஒத்துக்கொள்ளாதது அது. அன்றைக்கும் மனதின் ஒரு மூலையில் அவர் மன்னித்துக்கொள்வார் என்ற தைரியம் இருந்தது. இரக்கம் உள்ளவர் என்று தெரிந்தேதான் அவர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றினாள். அவரும் சுமந்தார்.

தாழ்ப்பாளில் வைத்த கையின்மேல் கண்ணீர் சொட்டியது. கணவர் தெருமுனையிலிருந்து "என்னாச்சு?" என்று சைகையில் கேட்டார். கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

"நீ நினைச்சது சரிதான்" என்றாள் கணக்கக்கா. மூச்சு வாங்கியது. "மன்னிச்சுட்டேன். ஆனா அது தானா வரும்னு நினைச்சே பார்த்தியா, அது தப்பு. எனக்கு இது உயிரைப் பிடுங்கிக்கிட்டு வந்துச்சுடி. தெரிஞ்சுக்கோ."

சின்னவள் அப்படியே மடிந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு அழுகை வந்தது. கணக்கக்கா அவளைத் தொடவில்லை, தொட மனம் வரவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடியும்வரை இருந்தாள்.

"நான் சபைக்கு வரலாமாக்கா?"

"நான் யாரு வேண்டாம்னு சொல்ல? வா. ஆனா என் பக்கத்துல வந்து உட்காராதே. இன்னும் கொஞ்ச நாளைக்கு."

அடுத்த வாரம் சின்னவள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வேன்காரருக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவர் பதில் எழுதவில்லை. இரண்டு மாதம் கழிந்து, ஓர் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கணக்கக்கா நின்று, ஊரில் இருக்கும் அவளுடைய அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதற்குள் அப்படிக் கேட்க அவளுக்கு மனம் வந்திருந்தது. கணவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"எனக்கு இன்னும் மனசு வரல" என்றார் வீட்டுக்குப் போகும் வழியில்.

"தெரியும்" என்றாள் அவள். அவரை அவசரப்படுத்தவில்லை.